பனிப்பாதையும் ஒரு முடிச்சுப் புற்றுமண்ணும்

நாடு சுதந்திரம் அடைந்தபின் வந்த இரண்டாவது தைப்பொங்கல் சமயம். காஷ்மீர் மலைக்குள் ஒரு ராணுவ முகாமில் இருந்தேன். சங்கரன்கோவில்காரனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற வேலைதான். ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாமுக்குத் தபால் பையையும் உத்தரவுகளையும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

பட்டாளத்தில் சேருவதற்கு முன் ஊரில் ஒரு பருத்தி வியாபாரியிடம் வேலை பார்த்தேன். அவரிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. அதைத் துடைக்கிற சாக்கில் ஏறி உட்கார்ந்து, உட்கார்ந்த சாக்கில் கிளப்பிப் பார்த்து, அப்படியே ஓட்டப் பழகிக்கொண்டேன். மேலநீலிதநல்லூர் பக்கம் பருத்தி விலை பேச அவர் என்னைத்தான் அனுப்புவார். மழை பெய்துவிட்டால் அந்தக் கரிசல் பாதை வெண்ணெயாகிவிடும். பிரேக்கைத் தொட்டால் வண்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். காலை இரண்டு பக்கமும் தொங்கவிட்டு, வேகத்தைக் கூட்டாமல் குறைக்காமல் ஒரே சீராகப் போக வேண்டும். அந்த வித்தை காஷ்மீரில் எனக்குச் சோறு போடும் என்று அன்றைக்கு யார் கண்டார்கள்?

குளிர் என்றால் எங்களுக்கு மார்கழி மாதம் தேங்காயெண்ணெய் உறைகிற குளிர்தான். அதற்கே தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நடுங்குகிற ஆட்கள் நாங்கள். காஷ்மீரில் எண்ணெயும் உறைந்தது, அதை வைத்திருந்த கையும் உறைந்தது. முதல் நாள் பனி கொட்டுவதைப் பார்த்ததும் வெளியே ஓடிப்போய்ச் சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்துகொண்டு நின்றேன். இரண்டாம் நாளே, எப்போதடா நம்ம ஊர் வெயிலைப் பார்ப்போம் என்று ஏங்க ஆரம்பித்துவிட்டேன்.

அந்த முகாமில் தமிழ் பேச எனக்கு ஒரே ஒரு ஆள் கிடைத்தார். முகாமின் சமையற்காரர், கடையநல்லூர்க்காரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர் என்பதால் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். நாள் முழுக்க சப்பாத்தி சுட்டுப் போட்டாலும், எப்படியோ அரிசி தேற்றி எனக்கும் அவருக்குமாக ஒரு பிடி சோறு வடித்துவிடுவார். ஒளித்து வைத்திருந்த புளியைக் கரைத்து ரசம் என்று ஒன்று வைப்பார். அதைக் குடித்துவிட்டு இருவரும் ஊர்க்கதை பேசுவோம்.

என் சட்டைப் பைக்குள் எப்போதும் ஒரு துணி முடிச்சு இருக்கும். எங்கள் ஊர் கோமதியம்மன் கோவிலில் புற்றுமண்தான் பிரசாதம். உடம்புக்கு முடியாவிட்டால் ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் பூசுவோம். நான் பட்டாளத்துக்குக் கிளம்பிய அன்று அம்மா இரண்டு கை நிறைய புற்றுமண் வாங்கி வந்து, பழைய சேலைத் துணியில் முடிந்து, என் பைக்குள் திணித்துவிட்டாள். ஒருநாள் அதை வெளியே எடுத்தபோது அண்ணாச்சி பார்த்துவிட்டார்.

“என்னவே, ஊருல கரிசல் மண்ணுல பொரண்டது போதாதுன்னு இங்கனயும் மண்ணைக் கட்டிக்கிட்டா வந்திருக்கீரு?” என்று சிரித்தார்.

“அம்மன் மண்ணு அண்ணாச்சி. அதைத் தொட்டுக் கேலி பேசாதீரும்.”

“நான் எங்கவே தொட்டேன்? நல்லா பத்திரமா வையும். சோத்துல மட்டும் போட்ராதீரும்.” அதன்பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம், “மண்ணு சௌக்கியமா?” என்று கேட்டுவிட்டுத்தான் என்னைப் பற்றி விசாரிப்பார்.

பொங்கல் வந்தது. பண்டிகை அன்று வாசலில் தண்ணீர் தெளிக்காமல் எப்படி? விடிந்ததும் எழுந்து அண்ணாச்சியிடம் ஒரு வாளி தண்ணீர் வாங்கி, நாங்கள் தங்கியிருந்த கொட்டகை வாசலில் சளசளவென்று தெளித்தேன். கோதுமை மாவில் கோலம் போடலாம் என்று மாவை எடுக்க உள்ளே போனேன். திரும்பி வருவதற்குள் வாசல் முழுக்கக் கண்ணாடி விரித்தது போலத் தண்ணீர் உறைந்து கிடந்தது. சரியாக அந்த நேரம் பார்த்துத்தானா எங்கள் சுபேதார் வெளியே கால் வைக்க வேண்டும்? பெரிய மீசைக்காரர், பெரிய சரீரக்காரர். மல்லாந்து விழுந்தவர் நேரே வழுக்கிக்கொண்டு போய், குவித்து வைத்திருந்த விறகில் முட்டித்தான் நின்றார்.

வாசலை நானே சுத்தம் செய்ய வேண்டும் என்று உத்தரவானது. மண்வெட்டியால் கொத்திக் கொத்திப் பார்த்தேன். கை வலித்ததுதான் மிச்சம். அண்ணாச்சி அடுப்படியிலிருந்து ஒரு தட்டு நிறையச் சாம்பலை அள்ளிக்கொண்டு வந்தார். “தள்ளும்வே. கெணத்தடியில பாசி புடிச்சா எங்க உம்மா சாம்பலைத்தான் தூவுவா. வழுக்குறது எல்லாம் ஒண்ணுதான்” என்று சொல்லிக்கொண்டே தூவினார். அதன்மேல் நடந்து பார்த்தேன். கால் கப்பென்று பிடித்தது. சிரித்துச் சிரித்து எங்கள் இருவருக்கும் வயிறு வலித்துவிட்டது.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து அண்ணாச்சியை மலைக்கு மேலே இருந்த சின்னக் காவல் முகாமுக்கு மாற்றிவிட்டார்கள். ஏழெட்டுப் பேர் மட்டும் இருக்கிற இடம். எங்கள் முகாமிலிருந்து பதினைந்து மைல் இருக்கும். கோவேறு கழுதைமேல் பாத்திரம் பண்டங்களோடு ஏறிப் போனவர், திரும்பிப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே போனார். அன்று ராத்திரி சப்பாத்தியைத் தொடாமலே படுத்துவிட்டேன்.

ஒருநாள் காலை மேல்முகாமிலிருந்து வயர்லெஸ் செய்தி வந்தது. சமையற்காரருக்குக் கடுமையான நிமோனியா, நினைவு தப்பித் தப்பிப் போகிறது, அங்கே இருந்த கம்பவுண்டரிடம் மருந்து தீர்ந்துவிட்டது என்றார்கள். எங்கள் டாக்டரிடம் பென்சிலின் இருந்தது. ஆனால் அதைக் கொண்டுபோகத்தான் வழியில்லை. இரண்டு நாளாகப் பனி கொட்டி, பிறகு இறுகிப் போயிருந்தது. லாரிகள் எல்லாம் நின்றுவிட்டன. கழுதைகள் கீழே எங்கோ சாமான் ஏற்றப் போயிருந்தன. அவை திரும்பி வந்து மலையேற மறுநாள் சாயங்காலம் ஆகிவிடும். “இன்று ராத்திரிக்குள் மருந்து உள்ளே போகாவிட்டால் நாளைக்குப் போய்ப் பிரயோசனமில்லை” என்று டாக்டர் சொன்னார்.

நான் போகிறேன் என்றேன். எந்த யோசனையும் இல்லாமல் வாய் சொல்லிவிட்டது. சுபேதார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பாதையில் கழுதையே நிதானித்துத்தான் கால் வைக்கும் என்றார். எங்கள் ஊர்க் கரிசலில் கழுதை நடக்க முடியாத நாளிலும் நான் வண்டி ஓட்டியிருக்கிறேன் என்றேன். கொஞ்சம் கூடுதலாகத்தான் சொன்னேன். ஆனால் அந்த நேரத்தில் வேறு எப்படிச் சொல்ல முடியும்?

மருந்துக் குப்பிகளை டாக்டர் பஞ்சில் சுற்றி, என் உள்சட்டைக்குள் நெஞ்சோடு சேர்த்துக் கட்டினார். குப்பியும் உடையக் கூடாது, மருந்தைக் கரைக்கிற தண்ணீரும் உறைந்துவிடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். சமையல் கொட்டகைக்குப் போய், அண்ணாச்சியின் அடுப்பிலிருந்தே ஒரு சாக்குச் சாம்பலை அள்ளிப் பின்னால் கட்டிக்கொண்டேன். டயர்களில் பாதிக் காற்றை இறக்கிவிட்டேன். காற்று குறைந்தால் டயர் பரந்து பிடிக்கும். வண்டி கிளம்ப மறுத்து அழிச்சாட்டியம் பண்ணியது. உதைத்து உதைத்துக் கால் மரத்துப்போன பிறகு ஒருவழியாக இருமிக்கொண்டு கிளம்பியது.

முதல் ஆறேழு மைல் சமதளம். கரிசலில் போவது போலவே காலைத் தொங்கவிட்டு, ஒரே சீரான வேகத்தில் போனேன். புதுப்பனி பாதகமில்லை, வண்டி அதைக் கிழித்துக்கொண்டு போகும். லாரிச் சக்கரம் அழுத்தி அழுத்தி இறுகிப்போன தடம் இருக்கிறதே, அதுதான் எமன். நம் ஊரில் மழைக்காலத்தில் மாட்டுவண்டித் தடத்துக்குள் சக்கரத்தை விட மாட்டோம், ஓரமாகத்தான் போவோம். இங்கேயும் அதையே செய்தேன். அப்படியும் மூன்று நான்கு முறை விழுந்தேன். விழும்போதெல்லாம் நெஞ்சைக் கையால் அணைத்துக்கொண்டு முதுகு அடிபடும்படி விழுந்தேன். எழுந்ததும் முதல் வேலை, குப்பிகளைத் தடவிப் பார்ப்பது. என் எலும்புகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஏற்றம் ஆரம்பித்தது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பாதாளம். கண்ணில் மாட்டியிருந்த கண்ணாடியில் பனி படிந்து எதுவும் தெரியவில்லை என்று அதைக் கழற்றினால், காற்று கண்ணில் ஊசியாகக் குத்தியது. கண்ணீர் கன்னத்திலேயே உறைந்தது. வளைவுகளில் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். உடனே இறங்கி, வண்டியை மலைப் பக்கம் சாய்த்துவிட்டு, சக்கரத்துக்கு அடியிலும் முன்னாலும் சாம்பலைத் தூவி, வண்டியோடு கூடவே ஓடித் தள்ளி ஏற்றுவேன். “வழுக்குறது எல்லாம் ஒண்ணுதான்” என்று அண்ணாச்சி சொன்னதை உரக்கச் சொல்லிக்கொண்டே தள்ளினேன். அந்த மலைக்குத் தமிழ் புரிந்திருக்க நியாயமில்லை, ஆனால் எனக்குத் தைரியமாக இருந்தது.

மேல்முகாமுக்கு இன்னும் மூன்று மைல் இருக்கும்போது அந்த வளைவு வந்தது. மலையிலிருந்து ஊற்றுத் தண்ணீர் வழிந்து பாதை முழுக்க உறைந்திருந்தது. அதுவும் சமமாக உறையவில்லை, பாதாளத்தை நோக்கிச் சரிந்து உறைந்திருந்தது. பாதி தூரம் போனதும் வண்டி மெதுவாகப் பக்கவாட்டில் நகர ஆரம்பித்தது. பிரேக் பிடிக்கவில்லை, வேகம் கூட்டவில்லை, தெரிந்த வித்தையெல்லாம் செய்தேன். அது பாட்டுக்கு நகர்ந்தது. ஓரத்தில் நட்டிருந்த ஒரு கல்லில் பின்சக்கரம் முட்டி நின்றது. கல்லுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

மெல்ல இறங்கிச் சாக்கை அவிழ்த்தேன். சாக்கு காலி. விழுந்த ஏதோ ஒரு இடத்தில் கிழிந்து, சாம்பல் முழுக்க வழியெல்லாம் கொட்டிப்போயிருந்தது. எனக்குத் தேவைப்பட்டது ஏழெட்டு அடி தூரம்தான். அந்தக் கண்ணாடித் தரையைத் தாண்டிவிட்டால் அப்புறம் புதுப்பனி. வெறும் கையால் தள்ளிப் பார்த்தேன். வண்டி முன்னே போவதற்குப் பதில் நான் பின்னே போனேன். வண்டியை விட்டுவிட்டு நடக்கலாம் என்றால், முழங்கால் அளவுப் பனியில் அந்த மூன்று மைலைக் கடக்க நடுச்சாமம் ஆகிவிடும். அதற்குள் நானே விறைத்துப் போவேன். வெளிச்சம் வேறு மங்கிக்கொண்டு வந்தது.

மருந்து பத்திரமாக இருக்கிறதா என்று சட்டைக்குள் கையை விட்டேன். விரலில் அம்மா கொடுத்த முடிச்சு தட்டுப்பட்டது.

அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இரண்டு கைப்பிடி மண். போதும் என்று தெரிந்தது. ஆனால் கை வரவில்லை. வீட்டில் அந்த மண் தவறிக் கீழே சிந்தினால்கூட, மிதித்துவிடாதே என்று அம்மா பதறுவாள். அதைப் போய் வண்டிச் சக்கரத்துக்கு அடியில் போடுவதா? பூட்ஸ் காலால் மிதிப்பதா? பூட்ஸைக் கழற்றிவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பனியில் பூட்ஸைக் கழற்றினால் காலும் அதோடு கழன்று வந்திருக்கும். அம்மன் கண்ணைக் குத்துமோ, ஊரில் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று என்னென்னவோ ஓடியது. அப்போது, “மண்ணு சௌக்கியமா?” என்று அண்ணாச்சி கேட்கும் குரல் ஞாபகம் வந்தது. அழுகை வந்துவிட்டது.

“தாயே, மன்னிச்சுக்கோ” என்று சொல்லிவிட்டு முடிச்சை அவிழ்த்தேன். மண்ணை நொறுக்கி, சக்கரத்துக்கு அடியில் ஒரு கைப்பிடி, முன்னால் நீளவாக்கில் ஒரு கைப்பிடி. முடிந்திருந்த சேலைத் துணியையும் சக்கரத்துக்குக் கீழே திணித்தேன். வண்டியைக் கிளப்பி, கல்லில் ஒரு காலை உதைத்துக்கொண்டு, உயிரைக் கொடுத்துத் தள்ளினேன். சக்கரம் ஒரு சுற்று வெறுமனே சுற்றியது. இரண்டாவது சுற்றில் நறநறவென்று ஒரு சத்தம். எங்கள் ஊர் மண் அந்தப் பனிக்கட்டியைக் கடித்துப் பிடிக்கிற சத்தம்! வண்டி துள்ளி முன்னே பாய்ந்தது. நான் அதன் பின்னாலேயே ஓடி, புதுப்பனியில் குப்புற விழுந்து, எழுந்து, ஏறி உட்கார்ந்து, ஊரே கேட்கிற மாதிரி ஒரு கூச்சல் போட்டேன். கேட்க அங்கே யாரும் இல்லை. அதனால் என்ன?

மேல்முகாமில் காவலுக்கு நின்றவன் முதலில் துப்பாக்கியைத்தான் நீட்டினான். புருவம், மீசை, தொப்பி எல்லாம் வெள்ளை வெளேரென்று, தலைவிளக்கோடு ஒரு உருவம் வந்தால் பாவம், அவன்தான் என்ன செய்வான்? விஷயம் தெரிந்ததும் உள்ளே இருந்த அத்தனை பேரும் ஓடிவந்தார்கள். என்னை வண்டியிலிருந்து இறக்கவில்லை, அப்படியே தூக்கிக்கொண்டு போனார்கள். குப்பி ஒன்றுகூட உடையவில்லை. மருந்து ஊசியில் ஏறுவதைப் பார்த்த பிறகுதான் என் கால் இருப்பதே எனக்குத் தெரிந்தது.

இரண்டாம் நாள் காலையில் அண்ணாச்சி கண்ணைத் திறந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னை ரொம்ப நேரம் பார்த்தார். “என்னவே, மூஞ்சி எல்லாம் தோலு உரிஞ்சு கெடக்கு?” என்றார். பிறகு, “மண்ணு சௌக்கியமா?” என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், சிரித்தேன், இரண்டையும் சேர்த்துச் செய்தேன்.

கீழே திரும்பியதும் சுபேதார் எல்லோர் முன்னாலும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எப்போது வேண்டுமானாலும் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொள், ஆனால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தெளி என்றார்.

அந்தக் கோடையில் இருவருக்கும் ஒன்றாக லீவு கிடைத்தது. அண்ணாச்சியை என்னோடு சங்கரன்கோவிலிலேயே இறக்கிவிட்டேன். எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு அடுத்த ரயிலில் கடையநல்லூர் போவதாக ஏற்பாடு. அம்மா இலை போட்டு எங்கள் இருவருக்கும் பரிமாறினாள். நான் கதையை ஆரம்பித்தேன். தெருவே கூடிவிட்டது. வளைவு, பாதாளம், காலிச் சாக்கு என்று ஜோராகச் சொல்லிக்கொண்டே வந்தவன், முடிச்சு வந்த இடத்தில் குரலைத் தாழ்த்திவிட்டேன்.

“அந்த மண்ணைச் சக்கரத்துக்கு அடியில போட்டுட்டேன்மா” என்றேன் இலையைப் பார்த்துக்கொண்டே.

அம்மாவின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. “ஒடனே போட்டியா?” என்றாள்.

“இல்லம்மா. அம்மன் மண்ணாச்சே, மிதிக்கலாமான்னு கொஞ்ச நேரம் யோசிச்சேன்.”

அவ்வளவுதான். “யோசிச்சியாக்கும்?” என்று ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், தெருவே அமைதியாகிவிட்டது. “ஏலே, இந்தப் புள்ள அங்கன மூச்சுக்கு இழுத்துக்கிட்டுக் கெடக்கு, நீ மண்ணைக் கையில வச்சுக்கிட்டு யோசிச்சுக்கிட்டா நின்ன? அம்மன் அதைக் குடுத்ததே எதுக்குலே? ஆளைக் காப்பாத்தத்தானே? நெத்தியில பூசினா என்ன, வண்டிக்கடியில போட்டா என்ன?”

நான் பயந்தது ஒன்று, கிடைத்த திட்டு வேறொன்று. அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது பார்த்தால் கண் இரண்டும் நிறைந்திருந்தது.

ரயிலுக்குக் கிளம்பும் முன் அம்மா கோவிலுக்குப் போய்விட்டு வந்தாள். கையில் இரண்டு முடிச்சு, இரண்டும் முன்னைவிடப் பெரியவை. ஒன்றை என்னிடம் கொடுத்தாள். இன்னொன்றை அண்ணாச்சியிடம் நீட்டி, “இது ஒனக்கு ஐயா. இவன் யோசிக்கிற பய, இவனை நம்ப முடியாது. நீயே ஒண்ணு வச்சுக்கோ” என்றாள். “தாங்கம்மா” என்று இரண்டு கையாலும் வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

நாங்கள் இருவரும் பட்டாளத்தை விட்டு வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அவர் கடையநல்லூரில் ஓட்டல் வைத்திருக்கிறார். நான் பஸ் ஓட்டுகிறேன். என் பஸ் அந்த வழியே போகும்போது வாசலுக்கு வந்து நின்று, “மண்ணு சௌக்கியமா?” என்று கத்துவார். பயணிகளுக்கு ஒன்றும் புரியாது. பனியில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவன் என்று மார்தட்டிக்கொள்ள எனக்கு இன்றும் ஆசைதான், தட்டிக்கொள்ளவும் செய்கிறேன். ஆனால் யாராவது உதவி என்று வந்து நிற்கும்போது நான் ஒரு நிமிடம் தயங்கினால், அந்த மலையும் வளைவும் ஞாபகத்துக்கு வருவதில்லை; கையில் கரண்டியோடு நின்று “யோசிச்சியாக்கும்?” என்று கேட்ட அம்மாவின் முகம்தான் வருகிறது, உடனே எழுந்துவிடுகிறேன்.